ஈரம் கழித்த எடை

அப்பாவின் இடுப்புப் பெல்ட்டில் கடையில் வாங்கும்போது ஐந்து ஓட்டைகள் இருந்தன. சாரத்துக்கு (லுங்கிக்கு) மேல் கட்டும் அகலமான பெல்ட் அது. முன்பக்கத்தில் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் பை வைத்திருக்கும். போன வருட மழையில் அவர் ஓர் ஆணியை அடுப்பில் காய்ச்சி ஆறாவது ஓட்டை போட்டார். தைப்பொங்கலுக்குள் ஏழாவதும் வந்துவிட்டது. கேட்டதற்கு, பெல்ட் பழசாகித் தோல் இழுபட்டுப் போச்சு என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஆடியில் பெல்ட் ஏழாவதிலிருந்து ஆறாவது ஓட்டைக்குத் திரும்பியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆள் தேறிவிட்டார் என்று அம்மா லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முழுக்கச் சொன்னார்.

அந்தச் சந்தோஷம் பிழையானது. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அதே பிழையைச் செய்யக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கத்து மலைகளில், மடுல்சீமைக்கும் மேலே இருக்கிறது. அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர் (கவ்வாத்து என்பது, சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கிளையோடு வெட்டித் தாழ்த்தும் வேலை). அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையைத் தாண்டியது நான் ஒருவன்தான். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எழுத்தும் இலக்கமும் உள்ள எந்தக் காகிதமும் எங்கள் வீட்டில் நேராக என் கைக்குத்தான் வரும். அப்படித்தான் அப்பாவின் உடம்பும் என் பொறுப்புக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. கிளினிக்கில் குளிசையோடு (மாத்திரையோடு) ஒரு தாளும் கொடுத்தார்கள். உப்பு, கருவாடு, முட்டை மஞ்சள் கரு, தேங்காய், எண்ணெய் ஆகியவற்றைக் குறைக்கவும் என்று அதில் அச்சடித்திருந்தது. நான் அதை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். தாளில் ‘குறைக்கவும்’ என்றிருந்தது. என் வாயில் அது ‘வேண்டாம்’ என்று வந்தது. அப்படியென்றால் சந்தேகத்துக்கு இடமில்லை என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அப்பாவின் தட்டில் கருவாடு இல்லை, முட்டை இல்லை. தேங்காய்ச் சம்பலை விட்டுவிட்டு ரொட்டியை வெறும் தேயிலைத் தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டார். அவருக்கு மிச்சமிருந்தவை ஏழு பற்கள். ரொட்டியை வேறு விதமாக மெல்லவும் அவரால் முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாதி ரொட்டியோடு எழுந்துகொள்வார். பசி இல்லை என்பார். வயசானால் சாப்பாடு குறையத்தானே செய்யும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம் இருப்பதைப் பங்குனியில்தான் சொன்னார். விறகு தூக்கும்போது வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒரு வருடமாக இருந்திருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். குடலிறக்கம் என்றார்கள் (வயிற்றுச் சுவர் பலவீனப்பட்ட இடத்தில் குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்குவது). பெரிய ஒப்பரேஷன் இல்லை, திகதி தருகிறோம், அதற்கு முன் மயக்க மருந்து டொக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள்.

நான் ஒரு கொப்பி போட்டேன். மாதம் ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரித் தராசில் அப்பாவை நிறுத்தி எழுதினேன். நாற்பத்தேழு, நாற்பத்தாறரை, நாற்பத்தாறு. பிறகு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. கதவு நிலையில் முதுகை வைத்து நிற்கச் சொல்லி, தலை தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு உயரம் எடுத்தேன். நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். பத்தாம் வகுப்புக்கு நான் படிப்பிக்கும் உடற்திணிவுச் சுட்டியை (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) அவருக்கும் போட்டுப் பார்த்தேன். இருபதே முக்காலுக்குச் சற்று மேலே வந்தது. சாதாரண அளவு. வரைபடம் கூடக் கீறினேன். கடைசியில் கோடு மேல் நோக்கி ஏறியது.

அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி நடையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மயக்க மருந்து டொக்டர் கொப்பியைப் பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்தார். ஒப்பரேஷனைத் தள்ளி வைத்து எங்களைப் போசணைப் பிரிவுக்கு (சாப்பாட்டுச் சத்தைக் கவனிக்கும் பிரிவு) அனுப்பினார்.

அங்கே இருந்தவர் ஒரு முஸ்லிம் பெண் டொக்டர். பதுளைக்காரர், தமிழில் பேசினார். கொப்பியை வாங்கி எல்லாப் பக்கமும் பொறுமையாகப் பார்த்தார். நிறுக்கும்போது ஐயா என்ன உடுத்திருந்தார் என்று கேட்டார். இப்போது உடுத்திருப்பதைத்தான் என்றேன்.

அப்பா அன்று கோட்டு போட்டிருந்தார். உள்ளே இரண்டு சுவெட்டர். அதற்குள் சட்டை, பெனியன். சாரத்துக்குள் காற்சட்டை, பெல்ட்டுப் பையில் பாக்குவெட்டி. எங்கள் பக்கத்துக் குளிரில் வயதானவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள். அதைக் களைந்துவிட்டு நிறுக்க வேண்டும் என்று விஞ்ஞான ஆசிரியனான எனக்குத் தோன்றவில்லை. குளிரும் என்பதுதான் தோன்றியது.

டொக்டர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கடைசிப் பெனியனும் போன பிறகு நான் என் அப்பாவின் உடம்பைப் பார்த்தேன். பல வருடங்களுக்குப் பிறகு. லயத்தில் ஒரே அறையில் நெருங்கிப் படுக்கிறோம். ஆனால் ஒருவர் உடம்பை ஒருவர் பார்ப்பதில்லை. முன்பு மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் எல்லா ஆண்களோடும் குளிப்பார். ஒரு வருடமாகப் பீலிக்குப் போகாமல், சுடுதண்ணீர் வாங்கி மறைவில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குளிர்கிறது என்றுதான் காரணம் சொன்னார்.

காறை எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவு குழி. தோளின் உருண்டை போய் எலும்பின் மூலை தெரிந்தது. நெற்றிப்பொட்டுகள் உள்ளே போயிருந்தன. கைச் சதை எலும்பிலிருந்து பிரிந்து தொங்கியது. ஆனால் வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் பளபளவென்று இருந்தன.

டொக்டர் பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே சில வினாடிகள் அழுத்தினார். விரலை எடுத்ததும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

“சேர், இது தண்ணி. தராசுக்குத் தசையும் தண்ணியும் ஒண்ணுதான்” என்றார் அவர்.

அதற்கு நீர்வீக்கம் (உடலின் திசுக்களில் நீர் தேங்குவது) என்று பெயர். சாப்பாட்டில் புரதம் நீண்ட நாள் குறைந்தால் வரலாம். இதயம், ஈரல், சிறுநீரகக் கோளாறிலும் வரலாம். சில பிரஷர் குளிசைகளாலும் வரலாம். அவற்றையெல்லாம் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்றார். பார்த்தார்கள். பெரிய கோளாறு இல்லை. ஒரு குளிசையை மாற்றினார்கள். மீதிக்குக் காரணம் தட்டுதான்.

டொக்டர் விளக்கி முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். நாற்பது வருடம் கொழுந்து நிறுத்தவர் அவர். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அந்தக் கழித்தலுக்காக அவர் போட்ட சண்டைகள் எங்கள் பிரிவில் பிரசித்தம்.

“நனைஞ்ச கொழுந்துக்கே கழிக்காம எழுதமாட்டாங்க. நீ சாக்கோட, ஈரத்தோட அப்படியே எழுதிக்கிட்டு வந்திருக்கியே தம்பி” என்றார்.

டொக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் அளந்த விதத்தைச் சொல்கிறேன். இது உங்களுக்கும் உதவும். முதுகு வளைந்தவரின் உயரத்தைச் சுவரில் அளந்தால் குறைவாகத்தான் வரும். அதனால் முன்கை எலும்பை, முழங்கைமுனையிலிருந்து மணிக்கட்டுப் புடைப்புவரை, டேப்பால் அளந்து அட்டவணையில் பார்த்தார். நூற்றறுபத்து மூன்று வந்தது. பெனியனும் சாரமும் மட்டும் இருக்க நிறுத்தபோது நாற்பத்தாறு கிலோ. அந்த இரண்டையும் வைத்துச் சுட்டியைப் போட்டார். பதினேழு சொச்சம். தண்ணீரையும் கழித்தால் இன்னும் கீழே. உடுப்பு, தண்ணீர், கூன் முதுகு. என் மூன்று பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மூன்றும் அப்பாவை நன்றாக இருப்பவராகக் காட்டின.

அதனால்தான் காலில் தண்ணீர் உள்ளவருக்குத் தராசை மட்டும் நம்பாமல் மேற்கையை அளப்பார்களாம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார், இறுக்காமல். கால் வீங்குகிற அளவுக்குக் கை வீங்குவதில்லை. இருபத்து மூன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். அப்பாவுக்குப் பத்தொன்பதரை.

கடைசியாகப் பிடிபலம். முள் வைத்த ஒரு கருவியைக் கையில் கொடுத்து முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பா அதை வாங்கும்போது முகத்தில் ஒரு அலட்சியம் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் கத்தி பிடித்த கை. முள் பதினாறில் நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார்.

“இன்னொருக்கா பிடிக்கவாங்க?”

பிடித்தார். பதினைந்து. கருவியை மேசையில் வைத்துவிட்டு அவசரமாகச் சுவெட்டரைத் தேடினார்.

சுவரில் ஒட்டிய தாளைப் பற்றி நானாகத்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொக்டர் திட்டவில்லை. அந்தத் தாள் பிழையில்லை, ஆனால் அது உடம்பு கூடியவர்களுக்கு எழுதினது என்றார். என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, “அது உங்களுக்குப் பொருந்தும் சேர்” என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டு நிலைமையைச் சொன்னார். இப்போது வெட்டினால் புண் ஆறுவது கஷ்டம், நெஞ்சில் சளி கட்டலாம், படுத்தவர் எழும்பாமலே போகலாம். அதற்காகக் காலம் கடத்தவும் முடியாது. குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்போது எந்த நிலையில் இருந்தாலும் உடனே வெட்டியாக வேண்டும். ஆறு வாரம் தருகிறேன், அதற்குள் அவருக்குள் ஏதாவது சேர்க்கவேண்டும் என்றார். தொடை இடுக்கு வீக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்றாலோ வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் லயத்திலிருந்து பதுளைக்கு ரோட்டு நன்றாக இருக்கும் நாளிலேயே இரண்டரை மணித்தியாலம்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குக் கோபம். ஒப்பரேஷனுக்கு என்று வந்தவனைப் பிள்ளை மாதிரி நிறுத்து அளந்து திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். வெட்டுவதென்றால் வெட்டட்டும், செத்தால் சாகிறேன், முட்டை தின்று காத்திருக்க முடியாது என்றார். பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து, பசறை தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு மலையில் புதிதாகக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். செடிகள் எல்லாம் மொட்டையாகக் குச்சி குச்சியாக நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“நீங்க இஸ்கூல்ல அயடின் ஊத்துவீங்க இல்ல?”

ஊற்றுவோம் என்றேன். இலையில் மாப்பொருள் (தாவரம் சேர்த்து வைக்கும் உணவு) இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. இருந்தால் கருநீலமாக மாறும்.

“நாங்க வேருல ஊத்துவோம். கவ்வாத்துக்கு முந்தி, மலைய மேற்பாக்குற கண்டக்டர் ஐயா போத்தலோட வருவாரு. அங்கொண்ணு இங்கொண்ணா வேர வெட்டி எடுத்துக் குடுப்போம். கறுத்திச்சின்னா வெட்டலாம். கறுக்கலன்னா அந்த மலைய விட்டுருவாங்க. கொழுந்தும் எடுக்காம சும்மா போட்டுருவாங்க. வேருல இல்லாதத வெட்டினா துளுக்காது, செத்துப்போகும்.”

எனக்கு இது தெரியாது. பல வருடமாக அயடின் பரிசோதனை செய்துகாட்டுகிறேன். அப்பாவின் கத்திக்கும் அந்தப் போத்தலுக்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குக் கறுக்கல, அதான் சொல்றாங்க” என்றார். மறுபடியும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வீட்டில் அம்மா அவித்துக் கொடுத்த முட்டையை முழுவதும் சாப்பிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது வைத்தியம் என்று சொல்லும்படியானதல்ல; சமையல்தான். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உள்ள உப்புகள் குழம்பிவிடும் என்று முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கச் சொன்னார்கள். விற்றமின் குளிசையும் தந்தார்கள். பிறகு நாளைக்கு இரண்டு முட்டை. பருப்பைக் குழையவிட்டு, ரொட்டியைப் பிய்த்து அதில் ஊறவைத்தோம். நெத்தலியை வறுத்து அம்மியில் பொடித்துச் சோற்றில் பிசைந்தோம். வெறும் தேயிலைத் தண்ணிக்குப் பதில் பால்மா போட்ட தேத்தண்ணி. உப்பை அடியோடு விட வேண்டாம், அளவாகப் போடலாம் என்றார் டொக்டர். ருசி இல்லாத சோற்றை யார்தான் தின்பார்கள் என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். சத்துமாவை மட்டும் அப்பா தொடவில்லை. அது கைப்பிள்ளைச் சாப்பாடாம்.

தினமும் கதிரையில் கையை ஊன்றாமல் எழும்பி உட்காரவேண்டும், பத்துத் தடவை. தின்பது தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை வேண்டுமாம். முதல் நாள் மூன்றோடு நிறுத்திவிட்டார்.

இரண்டாவது வார முடிவில் தராசில் ஏற்றினேன், பெனியனும் சாரமுமாக. நாற்பத்து நாலரை. அடுத்த வாரம் நாற்பத்து மூன்று. மூன்று கிலோ போயிருந்தது. இவ்வளவு ஊட்டியும் கரைகிறாரே என்று பயந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் காலை அழுத்தினார். குழி விழவில்லை. மேற்கையை அளந்தார். பத்தொன்பதே முக்கால். கருவியைக் கொடுத்தார். அப்பா இந்த முறை கொஞ்சம் யோசித்து, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். பத்தொன்பது.

“தண்ணி வடிஞ்சிட்டுது சேர். இப்பதான் ஐயாட உண்மையான எடைய பாக்குறீங்க. இந்த நாற்பத்து மூணுலேருந்துதான் நாம கணக்கத் தொடங்கணும்” என்றார்.

எடை கூடிய மாதத்தில் அவர் தேய்ந்துகொண்டிருந்தார். எடை குறைந்த மாதத்தில் தேறத் தொடங்கியிருந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கலாம். தராசைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் கணுக்காலை அழுத்திப் பாருங்கள். வருத்தப்படும் முன்னும் அழுத்திப் பாருங்கள். ஆனால் காரணத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு பிற்பகல், பெய்யும் மழையில் பாடசாலைக்கு ஆள் வந்தது. வீக்கம் வெளியே வந்துவிட்டது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. நான் வீட்டுக்கு ஓடியபோது அப்பா சுவரில் சாய்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஓர் ஓட்டோவில் அவரைப் படுத்தவாறே ஏற்றினோம், தலை அம்மா மடியில், கால்கள் என் மடியில் உயரமாக. ரோட்டு என்று சொல்கிற கல்லும் சேறும் முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. ஒவ்வொரு குழியிலும் அப்பா பல்லைக் கடித்தார். பாதி வழியில் வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்றார். வரவில்லை. நான் மனதில் கணக்குப் போட்டேன்: இன்று வெட்டினால் ஒரு வாரம் குறைகிறது. பிடிபலம் பத்தொன்பது போதுமா?

தார் ரோட்டு தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் அப்பாவின் முகம் மாறியது. “நிறுத்தச் சொல்லு” என்றார். கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். “உள்ள போயிருச்சு.” பிறகு அவர் ஓட்டோக்காரரிடம், “ஒன் வண்டி ஆட்டின ஆட்டுக்குக் கொடலே பயந்து ஓடிப்போச்சு தம்பி” என்றார். அம்மா அழுதுகொண்டே அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

உள்ளே போனாலும் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அவரை வார்டில் நிற்பாட்டிக்கொண்டார்கள். அடுத்த நாள் போசணை டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் கட்டில் பக்கத்தில் நின்று பேசினார்கள். மேற்கை இருபதும் காலும். பிடிபலம் இருபத்தொன்று. கதிரையிலிருந்து எட்டுத் தடவை. எடை நாற்பத்து நாலு, தண்ணீர் இல்லாமல். இதற்கு மேல் காத்திருப்பதுதான் ஆபத்து என்று முடிவு செய்தார்கள். முழு மயக்கம் கொடுக்காமல் இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்து வெட்டினார்கள். அதற்கு உள்ளே கொண்டுபோகும்போது அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “கறுத்திருக்குமா?” இருக்கும் என்றேன். எனக்கு நிச்சயமில்லை.

முடிந்து இரண்டாம் நாள் நடக்கவிட்டார்கள். தையல் பிரித்தபோது புண் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் நீர் கசிந்தது. அது ஆற இன்னும் மூன்று வாரம் எடுத்தது. எழுபத்தொரு வயதில் எல்லாம் அதனதன் வேகத்தில்தான் நடக்கும் என்பதை நான் அந்த மூன்று வாரத்தில் படித்தேன்.

இன்னொன்றையும் படித்தேன். அது லேசாக இல்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது மேற்கை இருபத்தொன்று. எப்போது இருபத்து மூன்றரை வரும் என்று கேட்டேன். வராமல் போகலாம் என்றார் டொக்டர். இந்த வயதில் போன தசை முழுவதும் திரும்புவதில்லை. இனிமேல் நமது வேலை அதைப் போகவிடாமல் பிடித்துவைப்பது. நான் ஏறுகிற கோட்டையே வெற்றி என்று படிப்பிக்கிறவன். சமமாகப் போகிற கோட்டுக்குச் சந்தோஷப்பட எனக்குப் பழக்கம் இல்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா அதைச் சுலபமாக எடுத்துக்கொண்டார். வெட்டின செடி முதலில் ஒன்றிரண்டு மாதம் சும்மா நிற்கும், பிறகு தளிர்க்கும், ஆனால் முதல் கவ்வாத்தில் வந்த மாதிரி ஒவ்வொரு கவ்வாத்துக்கும் வராது என்றார்.

அந்தத் தாள் இப்போது அடுப்படிச் சுவரில் இல்லை. என் மேசையில் இருக்கிறது. எனக்கு வயது முப்பத்திரண்டு. என் உடம்பை நான் இதுவரை ஒரு முறையும் அளந்ததில்லை. இப்போது சட்டை மாற்றும்போது தோளின் உருண்டையைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்தத் தசையும் செடி வேரில் சேர்த்து வைப்பது போன்ற ஓர் இருப்பு என்று முன்பு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறிய பிறகு அப்பா பீலிக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன். முதுகு தேய்த்துவிடுகிறேன். ஏழாவது ஓட்டையில் நிற்கும் பெல்ட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் குளிப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், துடைத்து முடித்ததும் இடது கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் டேப்பைச் சுற்றுவேன், இறுக்காமல்.

போன ஞாயிறும் இருபத்தொன்றுதான்.

“கொறையலியே?”

“இல்லப்பா.”

“அப்ப சரி. சுவெட்டரக் குடு, குளுருது.”

கொடுத்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொண்டார்.